லாரித் தண்ணீர்

ஆகஸ்ட் 26, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிறது.

காலையில் நகராட்சி அலுவலக மாடியில் கூட்டம். டெங்கு ஒழிப்பு வேலைக்குத் தினக்கூலியாக எடுத்திருக்கும் பெண்கள் முப்பத்திரண்டு பேர், மின்விசிறி ஒன்று. மாவட்டத் தலைநகரிலிருந்து பூச்சியியல் அதிகாரி வந்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மழை பெஞ்சாதான் டெங்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. உங்க ஊர்ல மழை பெய்யாததாலதான் டெங்கு. தண்ணி தினமும் வந்தா எவனும் டிரம்ல பிடிச்சு வைக்க மாட்டான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ விட்டா, வீட்டுக்கு நாலு டிரம் நிக்கும். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணி போதும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிடாது. கிருமி அதன் வயிற்றுக்குள் பழுக்க வேண்டும். குளிர்ந்த ஊரில் அதற்கு இரண்டு வாரம் ஆகும், நம் ஊர் வெயிலில் எட்டொன்பது நாள் போதும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

நான் ஒருத்திதான் குறிப்பெடுத்தேன். சுகாதார ஆய்வாளர் தனராஜ் சார், "ராஜகனியம்மா பரீட்சை எழுதப் போறாங்க" என்று சிரித்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

அலுவலகத்துக்குத் தனி நாட்குறிப்பு இருக்கிறது. வீடு எத்தனை, பாத்திரம் எத்தனை, புழு இருந்தது எத்தனை என்று மூன்று எண்களோடு அது முடிந்துவிடும். இது எனக்கு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எனக்குப் பதினோராம் வார்டு, காளவாசல் தெரு. முதல் வாரம் யாரும் முகம் கொடுக்கவில்லை. தகரக் கதவுக்குப் பின்னால் டிரம்மை இழுத்து மறைக்கும் சத்தம் கேட்கும், பிறகுதான் கதவு திறக்கும். ஒரு பெரியவர், "தண்ணி விட வக்கில்ல, எட்டிப் பாக்க மட்டும் ஆள் அனுப்புதான்" என்றார்.

தெருக்கோடியில் வெயிலாட்சி வீடு. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். புருஷன் கேரளாவில் ஓட்டல் வேலை. மாமியாரும் ஏழாவது படிக்கிற மகள் சுபிக்ஷாவும் கூட இருக்கிறார்கள். மூன்று டிரம்களில் ஒன்றில் புழு இருந்தது, பொடிப்பொடியாக. நான் டார்ச் அடித்துக் காட்டினேன். வெயிலாட்சி முகம் சுண்டிப்போனாள்.

"இதையா குடிச்சோம்?"

"குடிச்சா ஒண்ணும் செய்யாதும்மா. கொசுவாகிப் பறந்தாதான் சங்கடம்."

சுபிக்ஷா என் வெள்ளைக் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு விடவே இல்லை. புழு ஏன் தலைகீழாகத் தொங்குகிறது, எப்படி மூச்சு விடுகிறது, எத்தனை நாளில் பறக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி. முட்டையிலிருந்து இந்தப் பெரிய புழுவாக ஆறேழு நாள், அப்புறம் கூட்டுப்புழுவாக இரண்டு நாள் என்றேன். "பாடத்துல நாலு படம் மட்டும் போட்ருக்கு பெரிம்மா, நாளு போடல" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 2, திங்கள்

என் வீட்டுக்காரர் தவமணி, பால்வண்ணம் அண்ணாச்சியின் தண்ணீர் லாரியில் டிரைவராகச் சேர்ந்து ஐந்து மாதம். தீப்பெட்டி ஆலை மூடிய பிறகு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இப்போது காலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்து சவரம் செய்துகொள்கிறார். மதுரையில் நர்சிங் படிக்கிற மகள் நிவேதாவிடம் தினமும் போனில் பேசுகிறார். பாதி ஊருக்கு இப்போது அண்ணாச்சியின் லாரித் தண்ணீர்தான்.

காளவாசல் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. பதினோராம் வார்டில் முதல் ஆள்.

செப்டம்பர் 6, வெள்ளி

வெயிலாட்சி மூன்று டிரம்மையும் என் கண் முன்னால் கழுவினாள். தேங்காய் நார், பிளீச்சிங் பவுடர், உள்ளே தலையை விட்டு அடி வரைக்கும் தேய்த்தாள். கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துக் கக்கூசுக்கு வைத்துக்கொண்டாள். வெயிலில் கவிழ்த்துக் காயப்போட்டாள். அந்தத் தெருவில் சொன்னதை அப்படியே செய்தவள் அவள் ஒருத்திதான். அவள் வீட்டு அட்டையில் "சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று தனராஜ் சாரும் கூட வந்தார். பத்து வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

வெயிலாட்சி வீட்டில் நானே முன்னால் போய், "இது நல்ல வீடு சார், போன வாரந்தான் கழுவுனாங்க" என்றேன். அவர் டிரம்முக்குள் டார்ச் அடித்தார்.

"வந்து பாருங்க. மீன்குஞ்சு மாதிரி ஓடுது."

பார்த்தேன். முழுதாக வளர்ந்த புழுக்கள். இரண்டொரு கூட்டுப்புழுவும் இருந்தன.

"சார், வெள்ளிக்கிழமதான் தேச்சுக் கழுவுனேன். அக்காவே நின்னு பாத்தாங்க. முந்தாநாத்துத்தான் லாரில தண்ணி பிடிச்சேன். மூடிதான் வச்சிருந்தேன்" என்றாள் வெயிலாட்சி.

"கழுவுன டிரம்முல எப்படிம்மா புழு வரும்? எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

சுபிக்ஷா பள்ளிக்கூடம் கிளம்பி நின்றிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "பெரிம்மா, இம்புட்டுப் பெருசாக ஆறேழு நாள் ஆகும்னீங்க. ரெண்டு நாள்ல எப்படி வந்துச்சு?"

தனராஜ் சார் என்னைப் பார்த்தார்.

"வெயில் காலத்துல சீக்கிரம் வளந்துரும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எந்த வெயிலிலும் இரண்டு நாளில் வளராது. அவ்வளவு பெரிய புழு, தண்ணீரோடு வந்தால்தான் உண்டு.

தனராஜ் சாரின் எழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் நோட்டீஸை நான்தான் எழுதினேன். "கொசுப்புழு உற்பத்தி கண்டறியப்பட்ட வீடு." கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சாயங்காலம் நாலு மணிக்கு, தவமணிக்கு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு பைபாஸ் தாண்டி அண்ணாச்சியின் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தரைத்தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து லாரிகளுக்கு ஏற்றுகிறார்கள். தொட்டி மூடியின் ஒரு பக்கம் உடைந்து ஆள் இறங்கும் அளவுக்குத் திறந்து கிடந்தது. லாரி பின்னால் வந்தபோது ஏறிவிட்டதாம். பங்குனியில் உடைந்தது.

டார்ச் அடித்தேன். நிழல் விழுந்த ஓரத்தில் தண்ணீரின் மேற்பரப்பே நெளிந்தது.

தவமணி பின்னால் வந்து நின்றார். "என்ன பாக்க?"

"புழு இருக்கு."

"எல்லாத் தண்ணிலயும்தான் இருக்கும்."

"இது நாலு லாரிலயும் ஏறுதுங்க. ஒரு நாளைக்கு எத்தன தெருவுக்குப் போகுது? இதக் கொண்டு ஊத்திட்டு நாங்க வீடுவீடாப் போயி அவங்கள ஏசுதோம்."

அவர் கையைத் துண்டில் துடைத்தார். மெதுவாகத்தான் பேசினார். "ஏட்டி, அண்ணாச்சி காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு? பொண்டாட்டிய விட்டு வேவு பாக்கான்னு நெனைப்பாரு. நான் மறுபடியும் வீட்ல உக்காரவா? சொல்லு, உக்காருதேன்."

பையிலிருந்த அபேட் மருந்துப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். புழுவைக் கொல்லும் மருந்து, குடிதண்ணீரில் ஊற்றலாம், அளவு மட்டும் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். வாராவாரம் ஊற்ற வேண்டும் என்றேன்.

"சரி, ஊத்துதேன். நீ போ."

பிரச்சினை இத்தோடு தீர்ந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

கேட்டேன். ஊற்றியாகிவிட்டது என்றார்.

செப்டம்பர் 16, திங்கள்

வாராந்திரப் படிவத்தில் "தண்ணீர் எங்கிருந்து பெறப்பட்டது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. குழாய், லாரி, ஆழ்துளைக் கிணறு. புழு இருந்த பதினொரு வீட்டுக்கும் "குழாய்" என்று எழுதினேன். லாரி என்று எழுதினால் எந்த லாரி என்று அடுத்த கேள்வி வரும். மருந்துதான் ஊற்றியாகிவிட்டதே. முடிந்துபோனதைக் கிளறி ஆகப்போவது என்ன?

சோப்பு, ரவை, கொத்தமல்லி விதை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

ரேஷன் கடைக்கு எதிர்வீட்டு டிரம்மில் பெரிய புழு. நேற்று பிடித்த தண்ணீர் என்கிறார்கள். ஜனங்கள் நாளைச் சரியாகச் சொல்வதில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மத்தியானம் பத்து நிமிடம் தூறல். தெருவே குடத்தோடு வெளியே வந்தது. ஓட்டு முனையில் வடிந்ததை எல்லாம் பிடித்தார்கள். பிள்ளைகள் உடைந்த பிளாஸ்டிக் டப்பாவைக்கூட வைத்திருந்தன. இனி அவற்றை யாரும் கவிழ்க்க மாட்டார்கள், ஒரு சொட்டுத் தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? தூறல் நின்ற பிறகு தரையிலிருந்து ஆவி எழும்பி உடம்பெல்லாம் கசகசவென்றது. கொசுவுக்கு இதைவிடத் தோதான நாள் இல்லை. இந்த ஈர வெக்கையில்தான் கொசு அதிக நாள் உயிரோடு இருக்கும் என்று அந்தப் பூச்சியியல் அதிகாரி சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 25, புதன்

காளவாசல் தெருவில் மட்டும் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். தனராஜ் சார், "டெங்குன்னு வாயால சொல்லாதீங்க. காய்ச்சல்னு மட்டும் சொல்லுங்க. அறிக்கை பாக்கிறவங்க அந்த வார்த்தையத்தான் தேடுவாங்க" என்றார்.

தவமணி இப்போதெல்லாம் சாப்பிடும்போது என் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் தொட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பது நல்லதுதான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சுபிக்ஷாவுக்குக் காய்ச்சல். நேற்று வரை காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாளாம். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். நான் வேலை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்தேன். அதை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

நிவேதாவுக்குப் போன் செய்தேன். அவள் சொன்னது: "காய்ச்சல் அடிக்கிற நாள்ல பயமில்லம்மா. காய்ச்சல் விட்ட பெறகுதான் பாக்கணும். கை கால் சில்லுன்னு ஆனா, வயிறு வலிச்சா, ஒரு மணி நேரம்கூட வச்சிருக்கக் கூடாது."

வெயிலாட்சியிடம் போய் அதை அப்படியே சொன்னேன். நிலவேம்புக் கஷாயமும் உப்பு சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ரவிக்கைத் துணி தைக்காமல் அப்படியே கிடந்தது.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் போனபோது வெயிலாட்சி முகத்தில் தெளிவு. "காச்ச விட்ருச்சுக்கா. விடியக்காலம் ஒரு தோச கேட்டுத் தின்னா."

சுபிக்ஷா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பெரிம்மா, பெண் கொசுதான கடிக்கும்?" என்றாள்.

"ஆமாடா."

"ஆண் கொசு என்ன சாப்பிடும்?"

"பூவுல இருக்கிற தேன்."

லேசாகச் சிரித்தாள். நான் அவள் பாதத்தைத் தொட்டேன். மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள்.

வெயிலாட்சி நம்பவில்லை. "இப்பத்தான் தோச தின்னாக்கா." நான்தான் கத்தி ஆட்டோவைக் கூப்பிட்டேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பாட்டிலை ஏற்றி, ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டிக்குள் வெயிலாட்சி மகளின் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனாள்.

அக்டோபர் 5, சனி

சுபிக்ஷா இறந்துவிட்டாள். காலை பதினொன்றரை மணிக்கு.

அக்டோபர் 6, ஞாயிறு

அடக்கம் முடிந்தது. கேரளாவிலிருந்து அவள் அப்பா வந்து சேர்ந்தபோது நேரமாகிவிட்டது.

பிற்பகலில் தெருவுக்குப் புகை அடிக்கும் வண்டி, அதிகாரிகள், டிவிக்காரர்கள். டிவிக்காரர் ஒருவர் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸை நெருங்கிப் படம் பிடித்தார். சாயங்காலச் செய்தியில் அதைத்தான் காட்டினார்கள். "எச்சரிக்கப்பட்டும் அலட்சியம்" என்று கீழே ஓடியது. என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது.

மாமியார் தெருவில் உட்கார்ந்து எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "புழுத் தண்ணிய வச்சிருந்து பெத்த பிள்ளையக் கொன்னுட்டா. கவருமெண்டே எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கான்." வெயிலாட்சி உள்ளே இருந்தாள்.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. லாரிகளைக் கழுவிச் சந்தனம் பூச அண்ணாச்சி எல்லார் வீட்டிலிருந்தும் வரச் சொல்லியிருந்தார். சொன்ன வார்த்தைக்குப் போனேன். தவமணி வெளியே டயருக்குத் தண்ணீர் அடிக்க, நான் உள்ளே ஏறி சீட்டைத் துடைத்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில், பழைய துணிக்குப் பின்னால், அபேட் பாட்டில் இருந்தது. முழுதாக. மூடி திறக்கவே இல்லை.

இறங்கி வந்து அவரிடம் காட்டினேன்.

"ஊத்தலயா?"

அவர் குழாயை நிறுத்தவில்லை. "அண்ணாச்சிகிட்டக் கேட்டேன். குடிக்கிற தண்ணில மருந்து வாட வந்தா ஜனங்க வேற லாரிக்காரன்கிட்டப் போயிருவாங்க, வேண்டாம்னுட்டாரு."

"ஊத்திட்டேன்னு சொன்னீங்க."

"நீ கேட்ட, சொன்னேன்."

"ஒரு பிள்ள செத்துப்போச்சுங்க."

அப்போதுதான் குழாயைக் கீழே போட்டார். "ஒரே ஒரு தடவ கேட்ட. அதுக்குப் பெறவு கேட்டியா? வாராவாரம் ஊத்தணும்னு சொன்னவ நீதான. ஒரே ஒரு பாட்டில்தான் குடுத்த. அடுத்த வாரத்துக்கு எங்க? தெனம் டிரம்முக்குள்ள எட்டிப் பாக்கது நானா நீயா? நான் ஊத்தலன்னு ஒனக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார். பொரியும் கடலையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

தனராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, உடைந்த மூடி, புழு. எப்போது பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"பைபாஸுக்கு அந்தப் பக்கம் நம்ம எல்லை இல்லயேம்மா. ஊராட்சி. நான் நோட்டீஸ் குடுக்க முடியாது."

"தண்ணி நம்ம எல்லைக்குள்ளதான சார் வருது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு அண்ணாச்சிக்குப் போன் போட்டார். மரியாதையாகத்தான் பேசினார். மத்தியானம் எங்களில் இரண்டு பேரை அனுப்பி வைத்தார். அதில் நானும் ஒருத்தி. மருந்தை அளந்து ஊற்றி, உடைந்த பக்கத்தில் தகரம் போட்டு, மேலே கொசுவலையை இழுத்துக் கட்டினோம்.

மொத்தம் பத்து நிமிடம்.

அக்டோபர் 10, வியாழன்

தவமணியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் காலையில் ஐந்து மணிக்கு எழுந்தார், சவரம் செய்தார், சட்டை போட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வேலை முடிந்து வரும்போதும் அங்கேயே இருந்தார்.

அக்டோபர் 14, திங்கள்

வெயிலாட்சி வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் அந்த ஒரு வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. டிரம் மூன்றும் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒரே ஒரு குடம்தான் இருந்தது.

"தண்ணிக்கு என்ன செய்யுத?"

"அன்னன்னைக்கு அடுத்த தெரு அடிபம்புல போய் நின்னு அடிச்சுக்கிடுதேன். இனி சேத்து வச்சு என்ன."

மிஷின் சக்கரத்தைக் கையால் லேசாகச் சுற்றினாள். "அவுக எங்கிட்டப் பேசுறதில்லக்கா. வந்ததுல இருந்து ஒரு வார்த்த இல்ல. அத்தகூட ஏசி ஏசி ஓஞ்சு போனா. அவுக ஏசவும் மாட்டங்காக."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நோட்டீசு ஒட்டிட்டுப் போனீங்கள்லா, சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுபி நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு, 'ரெண்டு நாள்ல வராதும்மா, பெரிம்மா தப்பாச் சொல்லிட்டாங்க'ன்னா. நான்தான் சத்தம் போட்டேன். அவங்களுக்குத் தெரியாதாட்டின்னேன்." என்னைப் பார்த்தாள். "ஒங்களத்தான் கேக்கேன். எங்க டிரம்முலதான் வந்துச்சா?"

"இல்லம்மா" என்றேன். "லாரித் தண்ணில வந்துச்சு. தொட்டிலயே புழு இருந்துச்சு. நீ கழுவுனது கழுவுனதுதான்."

அவள் அழவில்லை. மிஷின் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு விட்டாள், தலையில் சுமந்துவந்த பாரத்தை இறக்கியவள் போல.

"இத எழுதிக் குடுப்பீகளாக்கா? நான் சொன்னா நம்ப மாட்டாக. நீங்க கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா அவுக படிப்பாக. வெள்ளிக்கிழம கேரளாவுக்குத் திரும்பப் போறாக. அதுக்குள்ள வேணும்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

எழுதவில்லை. தலைவலி.

அக்டோபர் 16, புதன்

காலையில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று தடவை கிழித்துப் போட்டு நாலாவது தடவை சரியாக வந்தது. அதை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்.

"பதினோராம் வார்டு, காளவாசல் தெருவில் வசிக்கும் திருமதி வெயிலாட்சி அவர்கள் தமது வீட்டுத் தண்ணீர் டிரம்களை செப்டம்பர் 6 அன்று என் முன்னிலையில் முறைப்படி தேய்த்துக் கழுவினார். செப்டம்பர் 9 அன்று அவற்றில் காணப்பட்ட கொசுப்புழுக்கள் அவரது வீட்டில் உற்பத்தியானவை அல்ல. லாரி மூலம் வழங்கப்பட்ட தண்ணீருடன் வந்தவை. லாரிகளுக்குத் தண்ணீர் ஏற்றப்படும் தரைத்தொட்டியை செப்டம்பர் 10 அன்று நான் நேரில் பார்த்தபோது அதில் ஏராளமான கொசுப்புழுக்கள் இருந்தன. இதில் திருமதி வெயிலாட்சி அவர்களின் அலட்சியம் ஏதும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்."

கையெழுத்துக்குக் கீழே பி.எஸ்ஸி. என்று போட்டேன்.

பதினொரு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் கடைக்குப் போயிருந்தாள், புருஷன் வெளியே போயிருந்தான். வெயிலாட்சி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். நின்றுகொண்டே படித்தாள். எட்டாவது வரை படித்தவள், ஒவ்வொரு வார்த்தையாக உதடு அசைய வாசித்தாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"பத்தாம் தேதின்னு போட்ருக்கீங்க."

"ஆமா."

"செப்டம்பர் பத்து."

"ஆமாம்மா."

சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தாள். போய் ஒரு தாளைப் பின்னால் புரட்டினாள். பத்தில் விரலை வைத்து, அங்கிருந்து கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போனாள். இருபத்தொன்பதில் நிறுத்தினாள்.

"பத்தொம்பது நாளு" என்றாள்.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். புழு கொசுவாக மூன்று நாள், அது முதலில் கடித்து வாங்கிக்கொள்ள ஒன்றிரண்டு நாள், கிருமி பழுக்க ஒன்பது நாள், பிள்ளையின் உடம்பில் ஐந்து நாள். தேதி போடாமல் எழுதியிருக்கலாம். தேதி இல்லாமல் அது அத்தாட்சி ஆகாது என்று நினைத்துத்தான் போட்டேன்.

"பத்தொம்பது நாளு தெரிஞ்சு இருந்திருக்கு" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

காகிதத்தை நான்காக மடித்து மிஷின் டிராயருக்குள் வைத்து மூடினாள். வாசல் வரை என்கூட வந்தாள். எப்போதும் வருகிற மாதிரியே.

"எழுதிக் குடுத்ததுக்கு நல்லதுக்கா. அவுககிட்டக் காட்டுதேன்" என்றாள். நான் படி இறங்கிய பிறகு சொன்னாள், சத்தம் கூட்டாமல்:

"இனிமே இந்த வீட்டுக்கு வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

அக்டோபர் 18, வெள்ளி

காளவாசல் தெருவை வேறு யாருக்காவது மாற்றித் தரும்படி தனராஜ் சாரிடம் மனுக் கொடுத்தேன். அச்சடித்த படிவம்தான். பெயர், வார்டு, மாற்றம் கோரும் தேதி எல்லாம் நிரப்பினேன். காரணம் என்று ஒரு வரி இடம் விட்டிருந்தது. பேனாவை அங்கே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

பணிச்சுமை என்று எழுதிக் கொடுத்தேன்.